நடுத்துண்டு

ஆற்றங்கரையில் இரண்டு நீர்நாய்கள் இருந்தன. ஒன்று ஆழத்தில் போய் மீன் பிடிப்பது, இன்னொன்று கரையோரத்திலேயே பிடிப்பது. ஒருநாள் ஆழத்து நீர்நாய் பெரிய ரோகித மீன் ஒன்றின் வாலைக் கவ்விவிட்டது. மீனோ அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. "இது நம்ம ரெண்டு பேருக்கும் போதும், வா, வந்து பிடி" என்று கூட்டாளியைக் கூப்பிட்டது. இரண்டும் சேர்ந்து மீனைக் கரையேற்றின. அதுவரைக்கும் பிரச்சினை இல்லை. "நீ பங்கு போடு", "இல்ல, நீ போடு" என்று தொடங்கிய பேச்சு சச்சரவாகி, கடைசியில் மீனை நடுவில் கிடத்திவிட்டு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்துவிட்டன. அந்நேரம் ஒரு நரி அந்தப் பக்கம் வந்தது. வீட்டில் மனைவிக்குப் புது மீன் தின்ன ஆசை. அதைத் தேடித்தான் வந்தது. நீர்நாய்கள் அதை வரவேற்று நியாயம் கேட்டன. நரி தீர்ப்புச் சொன்னது. கரையோரம் திரிகிறவனுக்கு வால். ஆழத்தில் திரிகிறவனுக்குத் தலை. நடுத்துண்டு நியாயம் சொன்னவனுக்கு.

பாலி ஜாதகக் கதைகளில் 400ஆவது இது. தப்பபுப்ப ஜாதகம் என்று பெயர். நரியின் பெயர் மாயாவி. கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பார்ஹூத் ஸ்தூபியின் கல்லிலும் இந்தக் காட்சி இருக்கிறது. புத்தர் இதைச் சொல்ல நேர்ந்த சந்தர்ப்பம் கதையைவிடச் சுவையானது. உபநந்தர் என்று ஒரு பிக்கு. இரண்டு முதிய பிக்குகளுக்குள் துணி பங்கிடுவதில் தகராறு: முரட்டுத்துணி இரண்டு, நல்ல கம்பளம் ஒன்று. உபநந்தர் ஆளுக்கு ஒரு முரட்டுத்துணியைக் கொடுத்துவிட்டு, நல்லதைத் தான் எடுத்துக்கொண்டு போய்விட்டார். போதிசத்துவர் இந்தக் கதையில் மரத்தேவதையாக நடப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறார். பார்த்துக்கொண்டு மட்டும்தான் இருக்கிறார், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மீன்குழம்பு வைக்கத் தெரிந்த எவருக்கும் நடுத்துண்டின் மதிப்பு தெரியும். ஆனால் நரியின் கெட்டிக்காரத்தனம் நல்ல துண்டை எடுத்துக்கொண்டதில் இல்லை. அது சொன்ன காரணத்தில் இருக்கிறது. ஆழத்துக்காரனுக்குத் தலை, கரைக்காரனுக்கு வால் என்பது கேட்கும்போது ஒரு விதி மாதிரியே ஒலிக்கிறது. ஆளுக்கு ஆள் வித்தியாசம் பார்த்து, தொழிலுக்கு ஏற்பப் பிரித்த மாதிரி. நீர்நாய்களால் பதில் பேச முடியவில்லை, ஏனென்றால் அது அவர்களிடமிருந்தே எடுத்த காரணம். இந்தக் கதையைப் பழவேற்காட்டு ஏரியின் மீனவ ஊர்களை மனதில் வைத்துக்கொண்டு வாசித்தால் என்ன கிடைக்கும் என்பதுதான் இந்தக் கட்டுரை. அதற்கு முன்னால், தந்திரக்காரக் கதைகளைப் பற்றி விமர்சகர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

*

ட்ரிக்ஸ்டர் என்று ஆங்கிலத்தில் அழைக்கப்படும் இந்தத் தந்திரக்காரனைப் பற்றிய பேச்சு 1956இல் வந்த பால் ராடினின் புத்தகத்திலிருந்து சூடு பிடித்தது. வட அமெரிக்காவின் வின்னிபேகோ பழங்குடியினரின் கதைத்தொடர் அது. அதில் ஒரு இடம் மறக்கவே முடியாது. வக்ஜுங்காகா என்ற தந்திரக்காரன் ஒரு எருமையைக் கொன்று வலது கையால் தோலுரிக்கிறான். இடது கை குறுக்கே புகுந்து எருமையைப் பற்றுகிறது. "அது என்னுடையது, விடு" என்கிறது வலது கை. இரண்டு கைகளும் சண்டை போட்டு, இடது கை கத்தியால் கீறப்பட்டு ரத்தம் வழிகிறது. ஒரே உடம்பில் இரண்டு பங்காளிகள்! மனிதன் இன்னும் மனிதனாகாத நிலையின் படம் என்று இதை உளவியல்காரர்கள் வாசித்தார்கள். அந்தப் புத்தகத்துக்கு யுங் எழுதிய பின்னுரையும் அந்தப் பக்கம்தான் போகிறது.

1998இல் லூயிஸ் ஹைட் எழுதிய புத்தகம் இன்னும் பிரபலம். ஹைடுக்குத் தந்திரக்காரன் பசியிலிருந்து பிறக்கிறவன். இரை வைத்த பொறி, பொறியில் மாட்டாமல் இரையை மட்டும் களவாடும் புத்தி, அதிலிருந்து கலை வரைக்கும் ஒரு பெரிய கோடு போடுகிறார். வடஐரோப்பியப் புராணத்தின் லோகி பற்றி அவர் எழுதியதை மீன்பிடி ஊர்க்காரர்கள் ரசிப்பார்கள். தேவர்களிடமிருந்து ஒளிந்திருக்கும் லோகி, தன்னை எப்படிப் பிடிப்பார்கள் என்று யோசித்து யோசித்து நூலால் ஒரு வலை பின்னுகிறான். ஆட்கள் வரும் சத்தம் கேட்டதும் அதைத் தீயில் போட்டுவிட்டு, சால்மன் மீனாக மாறி ஆற்றில் குதிக்கிறான். சாம்பலில் பதிந்திருந்த கண்ணிகளின் அச்சைப் பார்த்துத் தேவர்கள் வலை செய்துகொள்கிறார்கள். உலகின் முதல் வலையைக் கண்டுபிடித்தவனே அதில் மாட்டிய முதல் பெரிய மீன்.

ஹைடின் புத்தகம் எனக்குப் பிடிக்கும். ஆனால் அவர் கண் முழுக்கத் திருட்டின் மேல் இருக்கிறது. திருடுகிறவன் வெளியே இருந்து வருகிறவன். வேலி தாண்டி வந்து, எடுத்துக்கொண்டு ஓடுகிறவன். அதனாலேயே நமக்கு அவனைப் பிடித்துப்போகிறது, கலகக்காரன் என்கிறோம், கலைஞன் என்கிறோம். மாயாவி நரி எங்கேயும் ஓடவில்லை. கூப்பிட்டு உட்காரவைத்து, "நீங்களே சொல்லுங்க" என்று கேட்ட பிறகுதான் எடுத்தது. அது திருடனுடைய வேலை இல்லை, பங்கு போடுகிறவனுடைய வேலை. ஸ்டித் தாம்சனின் நாட்டார் கதைக்கூறு அட்டவணையில் ஏமாற்றுகளுக்கென்றே 'கே' என்ற பெரிய அத்தியாயம் இருக்கிறது. அதில் கே 171 என்பது ஏமாற்றிப் பங்கிடுதல். கே 452 என்பது நடுவரே வழக்குப்பொருளை விழுங்குதல். திருட்டுகள் தனியாக, வேறு எண்களில். பட்டியல் போட்ட மனிதருக்கு இரண்டும் வேறு என்று தெரிந்திருந்தது. விமர்சகர்கள்தான் கலந்துவிட்டார்கள்.

நம் ஊரில் கே 452க்கு எல்லோருக்கும் தெரிந்த கதை உண்டு. இரண்டு பூனை, ஒரு அப்பம், தராசு பிடித்த குரங்கு. இந்தத் தட்டு இறங்குகிறது, ஒரு கடி. அந்தத் தட்டு இறங்குகிறது, ஒரு கடி. கடைசித் துண்டு கூலிக்கு. இதைத் தமிழில் குழந்தைகளுக்கு எழுதியவர்களில் பாதிப்பேர் கீழே "நீதி: ஒற்றுமையாக இருக்க வேண்டும்" என்று அச்சடித்துவிடுகிறார்கள். எரிச்சலாக இருக்கிறது. தப்பு செய்தது குரங்கு, புத்திமதி பூனைகளுக்கு. ஜாதகம் இந்த அளவுக்கு மோசமில்லை. அதன் முடிவில் வரும் பேச்சு, மனிதர்கள் சண்டையிட்டு நீதி கேட்கப் போகும்போது அவர்கள் பொருள் தேய்கிறது, அரசனின் களஞ்சியம் நிறைகிறது என்ற பொருளில் போகிறது. நீதிமன்ற வாசலில் பத்து வருஷம் நின்றவர்களிடம் கேட்டால் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய கதை என்றே நம்ப மாட்டார்கள்.

இன்னொரு வகைக் கதையில் மூன்றாமவன் கிடையாது. பங்காளியே பங்கு போடுகிறான். அண்ணன் தம்பி சொத்துப் பிரிக்கிறார்கள்: ஒரு பசு, ஒரு மரம், ஒரு கம்பளி. பசுவின் முன்பாதி தம்பிக்கு, பின்பாதி அண்ணனுக்கு. மரத்தில் அடிப்பாகம் தம்பிக்கு, மேல்பாகம் அண்ணனுக்கு. கம்பளி பகலில் தம்பிக்கு, ராத்திரியில் அண்ணனுக்கு. தம்பி தீனி போடுகிறான், தண்ணீர் ஊற்றுகிறான். அண்ணன் பால் கறக்கிறான், பழம் பறிக்கிறான், போர்த்திக்கொண்டு தூங்குகிறான். பிறகு யாரோ சொல்லிக்கொடுக்க, அண்ணன் கறக்க உட்காரும்போது தம்பி தன் பங்கான முகத்தில் ஒரு அடி வைக்கிறான். பசு பின்னங்காலால் உதைக்கிறது. மரத்தின் அடியில் கோடரி வைக்கிறான். சாயங்காலம் கம்பளியைத் தண்ணீரில் முக்கிக் கொடுக்கிறான். அண்ணனுக்குப் புத்தி வருகிறது.

இந்தியாவில் பல மொழிகளில் இந்தக் கதை உண்டு. தமிழில் கேட்கும்போது கூடுதலாக ஒன்று ஒலிக்கிறது. நமக்குப் பங்காளி என்றால் ரத்த உறவு, பங்குக்கு உரியவன். அதே சொல்தான் சண்டைக்கும். 'பங்காளிச் சண்டை' என்று சொன்னால் விளக்கமே தேவையில்லை. வள்ளுவர் பகிர்ந்து உண்பதை அறங்களில் தலையாயதாக வைத்தார். பாடப்புத்தகங்கள் அதை ஏற்றுக்கொண்டன. நாட்டார் கதைகள் அவ்வளவு சீக்கிரம் ஏற்றுக்கொள்வதில்லை. யார் பகிர்கிறார்கள், எந்தக் கையால் என்று கேட்கின்றன. இதையே ஒரு பழமொழி பச்சையாகச் சொல்லும்: அகப்பை பிடிக்கிறவன் தன்னவனாக இருந்தால் அடிப்பந்தியில் இருந்தாலென்ன, கடைப்பந்தியில் இருந்தாலென்ன? கல்யாண வீட்டுப் பந்தியில் ஒரு தடவை உட்கார்ந்தவர்களுக்கு இதற்கு மேல் கோட்பாடு வேண்டாம்.

*

இப்போது ஏரிக்குப் போகலாம். பழவேற்காடு இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. முதலாவது ஒடிசாவின் சிலிகா. பெரும்பகுதி ஆந்திரத்தில், தெற்குப் பகுதி திருவள்ளூர் மாவட்டத்தில். ஆரணியாறு தெற்கே வந்து கலக்கிறது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா ஒரு நீண்ட மணல்திட்டாகக் கிடக்கிறது. ராக்கெட் ஏவும் நாட்களில் மீனவர்களுக்குக் கடலில் இறங்க வேண்டாம் என்று எச்சரிக்கை வரும். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி வியாபாரம் செய்த இடம், அவர்களுடைய கல்லறைகள் இன்னமும் இருக்கின்றன. பழவேற்காட்டு ஊருக்கு அந்தப் பக்கம், தண்ணீர் சூழ்ந்த ஊர்களில் ஒன்று பசியாவரம். நெடுங்காலம் படகை நம்பியே இருந்த ஊர். பெயரை எழுதிப் பார்த்தால் பசியா வரம் என்று பிரிக்கத் தோன்றும், பசிக்காமல் இருக்கிற வரம். அந்தப் பெயருக்கு அப்புறம் வருகிறேன்.

இந்த ஏரியின் வாழ்க்கை இறாலைச் சுற்றியது. இறால் குஞ்சாக முகத்துவாரம் வழியே கடலிலிருந்து ஏரிக்குள் வருகிறது, உள்ளே வளர்கிறது, பிறகு கடலுக்குத் திரும்புகிறது. திரும்பும் வழியில், நீரோட்டம் பாயும் இடத்தில், வலையை நட்டு நிறுத்தினால் பிடிபடும். ஆனால் எல்லா இடத்திலும் நீரோட்டம் ஒன்றில்லை. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இடத்துக்கும் உள்ளே தள்ளி இருக்கும் இடத்துக்கும் நிறைய வித்தியாசம். எல்லா இரவும் ஒன்றில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களுக்கும் மற்ற நாட்களுக்கும் வித்தியாசம். மீனுக்கு நடுத்துண்டு இருப்பதுபோல ஏரிக்கும் நடுத்துண்டு உண்டு.

அதை யாருக்குக் கொடுப்பது? இங்கேதான் பழவேற்காட்டு மீனவர்களின் பாடு முறை வருகிறது. பாடு என்ற சொல்லைக் கொஞ்சம் உருட்டிப் பாருங்கள். 'மீன்பாடு எப்படி?' என்றால் பிடிபட்ட மீன். 'பெரும்பாடா போச்சு' என்றால் துன்பம். 'அது அவன் பாடு' என்றால் அவரவர் பொறுப்பு. ஏரியில் அதற்கு இன்னொரு பொருள்: வலை நடுவதற்கு உரிமையுள்ள நீர்ப்பரப்பு, அதில் யாருக்கு எப்போது என்ற முறை. ஊரில் பாட்டு உரிமையுள்ளவர்கள் பட்டியல் இருக்கும். இடங்களுக்குப் பெயர் இருக்கும். சீட்டுப் போட்டு வரிசை தீர்மானிக்கப்படும், பிறகு சுழற்சி. இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவனுக்கு நாளைக்குச் சுமாரான இடம். இலங்கையின் கரையோரத்தில் கரைவலை இழுக்கும் இடத்துக்கும் பாடு என்றே பெயர். நீர்கொழும்புக் களப்பில் இறால் வலை நடும் இடங்களுக்குச் சீட்டுப் போடுகிறார்கள். தமிழ் தெரியாத கடற்கரைகளிலும் இதே யோசனை வந்திருக்கிறது. எலினோர் ஆஸ்ட்ரம், 2009இல் பொருளாதார நோபல் பெற்றவர், 1990இல் எழுதிய புத்தகத்தில் துருக்கியின் அலான்யா ஊரைச் சொல்கிறார்: செப்டம்பரில் சீட்டு, ஜனவரி வரை தினமும் ஒரு இடம் கிழக்கே நகர்வது, பிறகு மே வரை மேற்கே.

நாட்டார் கதை வாசகனாக எனக்கு இதில் பிடித்தது ஒன்றுதான். நீர்நாய்கள் மீனைப் பிடித்த பிறகு பங்கைப் பற்றி யோசித்தன. பாடு முறையில் மீன் தண்ணீரில் இருக்கும்போதே பங்கு முடிந்துவிடுகிறது. பங்கிடப்படுவது மீன்கூட இல்லை, மீன் வரக்கூடிய இடமும் இரவும். கத்தி எந்தக் கையிலும் இல்லை. நேர்மையான நரி ஒன்றைத் தேடி அலைவதை விட்டுவிட்டு, நரி உட்காருகிற நாற்காலியையே எடுத்துவிட்டார்கள். சீட்டுக்கு மனைவி இல்லை, அவளுக்குப் புது மீன் ஆசையும் இல்லை.

இங்கே ஒருவர் குறுக்கிடலாம். சிங்கத்தின் பங்கு என்று ஒரு கதை இருக்கிறதே, அதில் சீட்டா போட்டார்கள்? ஈசாப்பில் கழுதை மூன்று சம பங்கு போட்டதற்குச் செத்தது. நரி எல்லாவற்றையும் சிங்கத்துக்குத் தள்ளிவிட்டு உயிர் பிழைத்தது. யார் உனக்குக் கற்றுக்கொடுத்தது என்று கேட்டால் கழுதையின் கதிதான் என்றது. ரூமி இதையே ஓநாயை வைத்துச் சொல்லி, கடவுள் முன்னால் 'நான்' அழிவதன் உருவகமாக்கினார். அழகான வாசிப்பு. ஆனால் வயிற்றுக்குப் பங்கு கேட்கிறவனிடம் போய் இதைச் சொல்ல முடியாது. சிங்கம் இருக்கும் இடத்தில் சீட்டு செல்லாது என்பது உண்மை. சமபலம் உள்ளவர்களுக்கு நடுவில்தான் பாடு நிற்கும்.

*

சமபலம் உள்ளவர்கள் யார்? இதைக் கேட்காமல் பாடு முறையைப் புகழ்ந்துவிட்டுப் போகிற கட்டுரைகள் நிறைய உண்டு.

நரியும் கொக்கும் கதை எல்லோருக்கும் தெரியும். நரி கொக்கை விருந்துக்குக் கூப்பிட்டுத் தட்டையான தட்டில் கஞ்சி ஊற்றுகிறது. கொக்கு திருப்பிக் கூப்பிட்டு நீண்ட கழுத்துள்ள கூஜாவில் வைக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் அனான்சி சிலந்திக் கதை இதைவிட நுட்பம். பசியோடு வந்த ஆமையை அனான்சி உட்காரச் சொல்கிறான். சாப்பாட்டில் கை வைக்கப்போகும்போது, "கை கழுவாமலா சாப்பிடுவாய்?" என்கிறான். ஆமை ஆற்றுக்குப் போய்க் கழுவிவிட்டு நடந்து வருவதற்குள் கை மறுபடி மண். மறுபடி போ. அதற்குள் தட்டு காலி. பிறகு ஆமையின் முறை. விருந்து ஆற்றின் அடியில். மிதக்கிற சிலந்தி சட்டைப்பையில் கல்லை நிரப்பிக்கொண்டு ஒருவழியாக அடிக்குப் போய்விடுகிறது. "விருந்துக்கு வந்த இடத்தில் சட்டையைக் கழற்ற மாட்டாயா?" என்கிறது ஆமை. சட்டையைக் கழற்றியதும் அனான்சி மேலே போய்விடுகிறான்.

இந்தக் கதைகளில் யாரும் யாருடைய பங்கையும் எடுக்கவில்லை. உணவு முன்னால் இருக்கிறது, வாங்க சாப்பிடுங்க என்ற உபசாரமும் இருக்கிறது. பாத்திரத்தின் வடிவமே போதும். கை கழுவும் விதியைப் பாருங்கள், அதில் என்ன தப்பு? சுத்தமாக இருக்கச் சொல்வது தப்பா? மாயாவியின் தீர்ப்பைப் போலவே இதுவும் நியாயமாக ஒலிக்கும் விதிதான், ஆமைக்கு மட்டும் நிறைவேற்ற முடியாதது.

பாடு முறைக்கும் ஒரு பாத்திர வடிவம் உண்டு. பட்டினவர் ஊர்களில், தலைக்கட்டு என்று கணக்கிடப்படும் ஆண்களுக்கு அந்த உரிமை. தலைக்கட்டு என்றால் ஒரு குடும்பத்தின் தலைவனாக ஊர்ப் பட்டியலில் ஏறியவன். சீட்டில் பெயர் எழுதும் வரைக்கும்தான் சமத்துவம்; பட்டியலில் பெயர் இல்லாதவனுக்குச் சீட்டு எவ்வளவு நேர்மையாக இருந்தும் பயனில்லை. அதே ஏரியில் இருளர் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிக்கிறார்கள். ஓலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு, கிடைத்த இறாலை அதில் போடுகிறார்கள். இரண்டு கையும் வேலையில் இருக்கிறது, வாயில் பறி இருக்கிறது, பேசக்கூட முடியாது. பாட்டு உரிமை இல்லாத சாதிகளைச் சேர்ந்தவர்கள் தங்களுக்கும் பங்கு கேட்ட தகராறுகள் இந்த ஏரிக்குப் புதிதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு சோழமண்டலக் கரையின் ஊர்ப் பஞ்சாயத்துகள் வந்த நிவாரணத்தைத் தலைக்கட்டுக்குச் சமமாகப் பிரித்தபோதும் இதுதான் நடந்தது. படகு வைத்திருந்தவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே பங்கு என்பது பெரிய விஷயம். அரசாங்கமே யோசிக்காத சமத்துவம். கணவனை இழந்த பெண்களும் தலித் குடும்பங்களும் பல இடங்களில் அந்தக் கணக்குக்கு வெளியே நின்றார்கள் என்பதும் அப்போதே பதிவாகியிருக்கிறது.

எனவே நரியின் நாற்காலியை எடுத்துவிட்டார்கள் என்று மேலே எழுதியது பாதிதான். கத்தியை எடுத்து ஒளித்துவைத்த பிறகும், யாரைக் கூப்பிடுவது என்று தீர்மானிக்க ஒருவர் வாசலில் நிற்கிறார். கே 452 இல்லை என்றால் கொக்குக்கு வைத்த தட்டு. நாட்டார் கதைத் தொகுப்புகள் இவை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதில்லை, ஒன்று நடுவர் கதை, மற்றது விருந்துக் கதை என்று தூரத் தூரமாக இருக்கின்றன. ஏரிக்கரையில் அவை ஒரே கதை.

ஏ.கே. ராமானுஜன் சொல்லும் ஒரு விஷயம் இங்கே ஞாபகம் வருகிறது. அவருடைய வீட்டில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போது, அவர்கள் தூங்கிவிடாமல் இருக்கப் பாட்டியோ அத்தையோ கதை சொல்வார்கள். கதையும் சோறும் ஒரே கையிலிருந்து. பங்கு போடும் நரிகளையும் குரங்குகளையும் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள், அந்த நிமிஷத்திலேயே ஆறு பிள்ளைகளுக்குப் பங்கு போட்டுக்கொண்டிருந்த பெண்கள். சட்டியில் கடைசியாக மிஞ்சுவது, மிஞ்சினால், அவர்களுக்கு. அகப்பை கையில் இருந்தும் நடுத்துண்டு எடுத்துக்கொள்ளாதவர்கள் சொன்ன கதைகள் இவை. குரங்கின் மேல் அவர்களுக்கு இருந்த கோபத்தை அச்சில் வந்த 'நீதி'கள் துடைத்துவிட்டன என்று எனக்குத் தோன்றுவது அதனால்தான்.

*

மீன் கரைக்கு வந்த பிறகு வேறு கதை. அங்கே சீட்டு இல்லை, வியாபாரி இருக்கிறார். வலைக்கும் படகுக்கும் முன்பணம் வாங்கியிருந்தால் மீனை அவருக்கே கொடுக்க வேண்டும், விலையும் அவர் சொல்வதுதான். இதற்கு நாட்டார் கதை ஒரு பதில் வைத்திருக்கிறது, கதையில் மட்டும் நடக்கக்கூடிய பதில். தெனாலிராமனை அரண்மனைக்குள் விடாத காவலாளிகள், கிடைக்கும் பரிசில் பாதி கொடுத்தால் விடுகிறேன் என்கிறார்கள். ராமன் உள்ளே போய் ரகளை செய்து கசையடியைப் பரிசாக வாங்கிக்கொண்டு, அதைக் காவலாளிகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறான். ஐரோப்பாவில் இதே கதையின் ஒரு வடிவத்தில் ராமன் இடத்தில் இருப்பவன் மீனவன். புயலால் மீனே கிடைக்காத நாளில், பிரபுவின் கல்யாண விருந்துக்குப் பெரிய மீனோடு வருகிறான். வாசல்காரன் பாதி கேட்கிறான். என்ன விலை வேண்டும் என்று பிரபு கேட்க, மீனவன் சொல்கிறான்: நூறு கசையடி. ஐம்பது வாங்கியதும், "போதும், பாக்கி என் கூட்டாளிக்கு."

இந்தக் கதையைக் கேட்டு எந்த ஊரிலும் சிரிக்காதவர்கள் இருக்க மாட்டார்கள். ஆனால் சிரிப்பு எதை மறைக்கிறது? நிஜத்தில் பாதி கேட்கிறவர்களுக்கு அடியில் பங்கு வருவதே இல்லை. முகத்துவாரம் மணல் மூடி ஏரிக்குள் நீரோட்டம் குறைந்தால், அது மீனவன் பாடு. தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்து இந்த ஊர்க்காரர்கள் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கரை அரித்தால், மீன் குறைந்தால், அதுவும் அவர்கள் பாடு. ஜாதகத்தில் ஒரு அருமையான இடம் உண்டு. மாயாவி நடுத்துண்டைக் கவ்விக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் மனைவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கூடவே ஒரு சந்தேகம். தரையில் திரிகிற நீ தண்ணீரில் இருக்கிற மீனை எப்படிப் பிடித்தாய் என்று கேட்கிறாள். கால் நனையாமல் மீன் தின்கிற எவரையும் பார்த்துக் கேட்கக்கூடிய கேள்வி. கதையில் அவள் ஒருத்திதான் அதைக் கேட்கிறாள்.

பசியா வரத்துக்கு வருகிறேன். பசியே வராத வரம் கிடைத்தால் பங்கு, பாடு, நரி எதுவும் வேண்டாமே. அந்தக் கதையும் தமிழில் இருக்கிறது, மணிமேகலையில். மதுரையில் இரந்து பிறருக்கு ஊட்டிக்கொண்டிருந்த ஆபுத்திரனுக்குச் சிந்தாதேவி அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைக் கொடுக்கிறாள். எத்தனை பேர் வந்தாலும் நிறைகிறது. அளவே இல்லாத இடத்தில் பங்கும் இல்லை, நரிக்கு வேலையும் இல்லை. ஆனால் தந்திரக்காரன் வருகிறான். இந்திரன், கிழ அந்தணன் வேடத்தில். வரம் தருகிறேன் என்கிறான். ஆபுத்திரன் கேலியாகச் சிரித்து வேண்டாம் என்றுவிட, அவமானப்பட்ட இந்திரன் செய்கிற பழிவாங்கல் உலகக் கதைகளிலேயே விநோதமானது: பஞ்சத்தில் கிடந்த பாண்டிய நாட்டில் மழை பெய்விக்கிறான். விளைகிறது, எல்லோர் வயிறும் நிறைகிறது. சோற்றுக்கு வந்தவர்கள் இருந்த மண்டபத்தில் இப்போது சூதாடிகளும் வெட்டிப்பேச்சுக்காரர்களும். பாத்திரத்தை ஏந்திக்கொண்டு ஆபுத்திரன் ஊர் ஊராகப் போய், சாப்பிட வருகிறீர்களா என்று கூவுகிறான். யார் இவன் என்று சிரிக்கிறார்கள்.

அறிஞர்கள் இதைக் கருணையின் மகிமை என்று படிப்பார்கள், இந்திரனின் பொறாமை என்று படிப்பார்கள். எனக்கு வேறொன்று உறுத்துகிறது. பசி தீர்ந்தது நல்லதுதானே? மழை பெய்தது நல்லதுதானே? அதைச் சொல்ல ஆபுத்திரனால் முடியவில்லை. கொடுக்கிற கைக்கு வாங்குகிற கை தேவைப்படுகிறது. குரங்கிடம் தராசு இருந்ததுபோல இவனிடம் பாத்திரம் இருந்தது. குரங்கு கெட்டது, இவன் நல்லவன், அந்த வித்தியாசம் பெரியதுதான். ஆனாலும் நடுவில் நிற்பவன் இவன்தான். இந்திரன் அந்த நடுவை மட்டும் எடுத்துவிட்டான். கதையாசிரியர் சாத்தனார் இந்த இடத்தில் ஆபுத்திரனைக் குறை சொல்லவில்லை, ஆனால் அந்த வெறும் மண்டபத்தைக் காட்டாமலும் விடவில்லை.

சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டு ஆபுத்திரன் கப்பலேறுகிறான். வழியில் மணிபல்லவத் தீவில் கப்பல் நிற்கிறது. இறங்குகிறான். காற்று மாறியதும், அவன் ஏறிவிட்டான் என்று நினைத்துக் கப்பல் போய்விடுகிறது. தீவில் ஆளே இல்லை. எத்தனை பேருக்கும் போதுமான சோறு கையில் இருக்கிறது, எதிரில் ஒருவர்கூட இல்லை. தனக்கு மட்டும் அள்ளித் தின்ன அவனுக்கு மனசு வரவில்லை. வருஷத்தில் ஒருநாள் மேலே வா என்று சொல்லி, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, அந்தக் கரையில் பட்டினியாக உட்கார்ந்துவிட்டான்.